தலைக்குப் பதினைந்து கிலோ

ஊரே அதை ஐஸ் தெரு என்றுதான் சொல்லும். உண்மையில் அங்கே மருந்துக்குக்கூட ஐஸ் கிடையாது. இருந்ததெல்லாம் உப்பு. தெருவின் அடியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரிசையாகத் தொட்டிகள். அவற்றில் தொண்ணூறு டன் உப்பு. சாம்பாரில் போடுகிற உப்பு இல்லை, இருபத்தொன்பது டிகிரியில் உருகி, அதற்குக் கீழே குளிர்ந்தால் திரும்பக் கட்டியாகிற வேறொரு ஜாதி. பகலெல்லாம் நாற்பது வீட்டுச் சூட்டையும் குழாய்த் தண்ணீர் வாரிக்கொண்டு கீழே போகும். உப்பு அந்தச் சூட்டைத் தின்று உருகும். இரவில் மொட்டைமாடித் தகடுகள் வழியாக அதை வானத்துக்கு விட்டுவிட்டுக் கட்டியாகும். மறுநாள் மறுபடி. வேலூர் வெயில் நாற்பத்தேழைத் தொட்ட வருடங்களிலும் அந்தத் தெருவில் மின்விசிறி மாட்டக் கொக்கிகூட வைக்காமல் வீடு கட்டினார்கள் என்றால், உப்பின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அந்த உப்பறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஹெப்சிபா டீச்சரின் தலையில் விழுந்தது. பெண்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறவள். உப்பு என்றால் கெமிஸ்ட்ரிதானே, டீச்சரே பார்த்துக்கட்டும் என்று தெருச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார், மற்றவர்கள் கைதட்டினார்கள், விஷயம் முடிந்துவிட்டது. சங்கச் செயலாளர் அவள் கணவன் மாசிலாமணியே என்பதால் மறுத்துப் பேசவும் வழியில்லை.

மாசிலாமணி தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காத பிறவி. வாசலில் யாராவது போனால் கூப்பிட்டு உட்கார வைப்பார். அவர் செயலாளரான வருடம் கத்திரி வெயில் தொடங்குவதற்கு முந்தைய நாள், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தகரக் கூரைகளின் கீழே இருந்தவர்களிடம் போய், "நாளையிலேர்ந்து காலைல பத்து மணிக்கு எங்க தெரு கூடத்துக்கு வந்துடுங்க, வெயில் தாழ்ந்தப்பறம் போலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை. மறுநாள் நூற்றைம்பது பேர் பாயும் தூக்குச் சட்டியுமாக வந்து நின்றபோது, வாயைத் திறக்கத் தெருவில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

அந்தப் பதினாறு நாட்களைப் போல ஒரு காலம் தன் வாழ்க்கையில் வந்ததில்லை என்று ஹெப்சிபா இன்றைக்கும் நினைக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. கூடம் முழுக்கப் பாய். ஒரு மூலையில் குழந்தைகள் தூங்கும். நடுவில் கிழவர்கள் ஆடுபுலி ஆடுவார்கள், ஆட்டத்தைவிடச் சண்டை அதிகம். சன்னல் பக்கம் பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். பச்சை இலையும் புகையிலைத் தூளும் கலந்த வாசனை முதல் நாள் அவளுக்குத் தலைவலி தந்தது. நான்காம் நாள் அந்த வாசனை வராமல் காலை விடிந்த மாதிரியே இல்லை. ஐஸ் தெருப் பெண்கள் முதலில் கதவருகே நின்று எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் மோர்ப் பானையோடு உள்ளே வந்தார்கள். ஒரு வாரத்தில் கத்தரிக்கோலை வாங்கி இலை வெட்டிப் பழகிக் கோணல்மாணலாக வெட்டித் திட்டு வாங்கினார்கள்.

திட்டினவள் காசாம்பு. ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு, ஹெப்சிபாவின் வயதுதான். ஆனால் ஹெப்சிபாவில் பாதிதான் இருப்பாள். கை முறத்தில் வேலை செய்யும், வாய் ஊரில் வேலை செய்யும். முதல் நாளே டீச்சரைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டாள்.

"இன்னா டீச்சர், கீழ உப்பு வெச்சிகீறீங்களாமே. அது எப்டி குளுருது?"

"குளுர்றதில்ல. சூட்டை வாங்கிக்குது. வாங்கி உருகுது."

"உருகிச்சின்னா சூடாய்டுமே."

"ஆகாது. அதான் விசேஷம்" என்றாள் ஹெப்சிபா. வகுப்பில் நாற்பது பெண்களுக்குச் சொல்லும்போது வராத உற்சாகம் அவளுக்கு அங்கே வந்தது. "சர்பத்துல ஐஸ் போட்டா, கடைசித் துண்டு கரையற வரைக்கும் ஜில்லுன்னே இருக்கும்ல? வெளிச்சூடெல்லாம் ஐஸை ஒடைக்கத்தான் போவும். தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தா அசையவே அசையாது. உள்ளுறை வெப்பம்னு பேரு. கடைசித் துண்டும் கரைஞ்சப்பறந்தான் சர்பத் சூடாகும்."

"அப்ப நாங்க வந்து குந்தினுகீறமே, எங்க சூடும் அதுக்குத்தான் போவுதா?"

"போவுது. ஒரு மனுஷ உடம்புலேர்ந்து நூறு வாட் சூடு வரும். பழைய குண்டு பல்பு மாதிரி. நீ காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இங்க உக்காந்தா கீழ பதினஞ்சு கிலோ உப்பு உருகும்."

காசாம்புவின் கை நின்றது. பிறகு அவள் சிரித்த சிரிப்பில் தூங்கிய குழந்தைகள் எழுந்துவிட்டன.

"என் ஒடம்புல அவ்ளோ சூடா? என் ஊட்டுக்காரன் இருந்து கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பான். மத்தியானம் ஒரு வாய் கஞ்சி, ராவுக்கு ஒரு வாய். எங்கேர்ந்து வருதாம் டீச்சர் இம்மாஞ் சூடு?"

ஹெப்சிபாவும் சேர்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து கூடத்தில் அதுவே பேச்சாகிவிட்டது. ஐஸ் தெருவிலிருந்து யாராவது பெரிய உடம்புக்காரர் உள்ளே வந்தால், "வா வா, முப்பது கிலோ வருது பாரு" என்பார்கள். பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் உப்புத் தின்னி என்று கூப்பிட்டார்கள். ஐஸ் தெருவுக்கும் தகரக் குடியிருப்புக்கும் நடுவே இருந்த ரயில் பாதை அந்த நாட்களில் இல்லாத மாதிரியே இருந்தது. பாலாற்றில் தண்ணீர் வந்தால் சனங்கள் முகத்தில் ஒரு களை வருமே, அந்தக் களை மாசிலாமணியின் முகத்தில் இருந்தது. கல்யாணம் ஆன புதிதில் பார்த்த முகம். ஹெப்சிபா அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். அதனாலேயே தன் நோட்டில் எழுதியிருந்ததை அவரிடம் சொல்ல நாள் தள்ளினாள்.

நோட்டில் அவள் எழுதி வந்தது இவ்வளவுதான். வீடுகளுக்காக ஒவ்வொரு பகலும் இருபது டன் உருகுகிறது. இரவுகள் முன்போலக் குளிரவில்லை. உருகியதில் ஒரு டன் ஒவ்வொரு நாளும் கட்டியாகாமல் நின்றுவிடுகிறது. கூடத்தில் நூற்றைம்பது பேர். தலைக்குப் பதினைந்து கிலோ வீதம் இரண்டேகால் டன். ஆக நாளுக்கு மூன்றேகால் டன் குறைகிறது. உப்பறையைத் திறந்து பார்த்துவிடலாமே என்றால் அதுவும் முடியாது. மூடியைத் திறந்தால் அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக் கெட்டுவிடும். வருடத்துக்கு ஒரு முறை, கத்திரி முடிந்தபின், கம்பெனி ஆட்கள் வந்துதான் திறப்பார்கள். வெளியே தெரிவது சுவரிலிருந்த தெர்மாமீட்டர் ஒன்றுதான். அது தன் பாட்டுக்கு இருபத்தொன்பது காட்டிக்கொண்டிருந்தது.

பதினாறாம் நாள் மத்தியானம் அவள் மாசிலாமணியைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"என்னங்க, இன்னியோட மிச்சம் முப்பத்தெட்டு டன்தான். இப்படியே போனா இன்னியிலேர்ந்து ஆறாம் நாள் காலைல ஒரு பகலுக்கு வேண்டிய இருபத்திரெண்டு டன்கூட நிக்காது, அன்னிக்கே கடைசிக் கட்டியும் உருகிடும். இன்னும் ஒம்போது நாள் கத்திரி இருக்கு."

அவர் போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். "ஒரு பாயிண்ட்கூட ஏறலியே."

"ஏறாது. முந்தின நிமிஷம் வரைக்கும் ஏறாது. ஏற ஆரம்பிச்சா அப்புறம் ஒரே மணி நேரந்தான். நம்ம தெருவுல எந்த வீட்டுக்கும் சன்னல் சரியா கிடையாது, ஃபேன் கிடையாது. வடக்க ஒரு ஊர்ல உருகி முடிஞ்சது தெரியாம, ஒரு மத்தியானத்துல பதினோரு பேர் போனது மறந்துபோச்சா? எதிர் வீட்டுல குறைமாசத்துல பொறந்த குழந்தை இருக்கு. கூடத்துல மட்டும் நூத்தம்பது பேர்."

"வராதீங்கன்னு சொல்லச் சொல்றியா?"

"அவங்க வரலைன்னா முப்பது டன் மிச்சம் நிக்கும். தாங்கிடும்."

மாசிலாமணி அடுப்பை அணைத்தார். "உன் கணக்கு தப்பா இருந்தா?"

"பாடப் புத்தகத்துல இருக்கறதுங்க. இருபது வருஷமா சொல்லிக் குடுக்கறேன்."

"கூப்பிட்டது நான். போகச் சொல்ல என்னால ஆகாது ஹெப்சி. நீயே சொல்லிடு."

அவள் சொன்னாள். கூடத்தின் நடுவில் நின்று, வகுப்பில் பரீட்சைத் தேதி அறிவிக்கிற குரலில். இது எல்லாருடைய பாதுகாப்புக்கும்தான், நாளையிலிருந்து கூடம் திறக்காது, அடுத்த வருடம் உப்பைக் கூட்டிவிட்டுக் கூப்பிடுகிறோம் என்றாள். ஆடுபுலிக்காரர்கள் காயை நகர்த்தாமல் பார்த்தார்கள். யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்கு இருந்தது.

முதலில் பாயைச் சுருட்டியவள் காசாம்பு. முறத்தைத் துணியில் கட்டிக்கொண்டே, "அட, எழுந்திரிங்கப்பா. டீச்சரு வீட்டு உப்பத் துன்னுட்டு டீச்சரையே மொறைக்கிறீங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது ஹெப்சிபாவின் கையைப் பிடித்து, "மனசுல வெச்சிக்காதீங்க. பதினாறு நாளு மகாராணி கணக்கா இருந்தேன். அது போதும்" என்றாள். அவள் கை எலும்பும் தோலுமாக, சில்லென்று இருந்தது.

கூடம் காலியானது. ஐஸ் தெரு தன் கதவுகளைச் சாத்திக்கொண்டது. மாசிலாமணி அதற்கப்புறம் தனியாகவே சாப்பிட்டார்.

ஐந்தாம் நாள் செய்தி வந்தது. மத்தியானம் மூன்று மணிக்குத் தகரத்தின் கீழே பீடி சுற்றிக்கொண்டிருந்த காசாம்பு முறத்தின் மேலேயே சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்தவளுக்கா இப்படி என்று எல்லாரும் கேட்டார்கள். டாக்டர் ஒரு காரணம் சொன்னாராம். உடம்பு வெயிலுக்குப் பழகுகிற மாதிரியே நிழலுக்கும் பழகிவிடும். பதினாறு நாள் குளிர்ச்சியில் இருந்துவிட்டுச் சட்டென்று நாற்பத்தேழுக்குத் திரும்பினால் அதற்குத் தாங்கத் தெரியாது. சாவுக்குப் போய்விட்டு வந்த ஹெப்சிபா வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, எதிர் வீட்டுக் குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இது பிழைத்திருக்கிறது, தெரு பிழைத்திருக்கிறது, வேறு வழி இருக்கவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அது கொஞ்சம் பிடிமானமாக இருந்தது.

கத்திரி முடிந்த மறுநாள் காலை கம்பெனியிலிருந்து ஷப்னம் என்ற இளம் இஞ்சினியர் வந்தாள். மூடியைக் கழற்றி, நீளமான இரும்புக் கம்பியை ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் இறக்கினாள். உருகினது மேலே நிற்கும், கட்டி அடியில் கிடக்கும்; கம்பி எங்கே முட்டி நிற்கிறதோ அதுதான் கணக்கு. கடைசித் தொட்டிவரை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நல்லா வெச்சிருக்கீங்க மேடம். நாப்பத்தெட்டு டன் கட்டியா நிக்குது."

"முப்பதுதானே இருக்கணும்" என்றாள் ஹெப்சிபா.

"இல்லியே. நாப்பத்தெட்டு."

ஹெப்சிபா நோட்டை எடுத்துக் கொடுத்தாள். ஷப்னம் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். இரவுக் கணக்கு சரி என்றாள். வீட்டுக் கணக்கும் சரி என்றாள். கூடத்துப் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"தலைக்கு எவ்வளவு போட்டீங்க?"

"நூறு வாட். புத்தகத்துல அதான் இருக்கு."

"அது நல்லா சாப்பிடற, எழுபது கிலோ ஆம்பளைக்கு மேடம். குழந்தைங்கன்னா அதுல பாதிகூட வராது. வயசானவங்க, சத்துக் கொறைஞ்சவங்க எல்லாம் ரொம்பக் கம்மி. உடம்புக்குள்ள எரியறதுக்கு ஏதாவது போனாத்தானே வெளில சூடு வரும்." நோட்டைத் திருப்பிக் கொடுத்தபடி சாதாரணமாகக் கேட்டாள். "கூடத்துக்கு யாரெல்லாம் வந்தாங்க?"

ஹெப்சிபா நோட்டை மூடினாள். யாரெல்லாம் வந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு பாயிலும் யார் என்று தெரியும். நூற்றைம்பது பேரில் எழுபது கிலோ ஆம்பளை என்று ஒருத்தரைக்கூட அவளால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அவர்கள் தின்னாத உப்பை அவர்கள் பேரில் எழுதி, பதினெட்டு டன் கூடுதலாகக் கிடந்த தெருவிலிருந்து அவர்களை வெளியே அனுப்பியிருக்கிறாள். ஒன்பது நாளும் அத்தனை பேரும் வந்திருந்தாலும் பத்து டன்தான் போயிருக்கும். இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதி வந்த நூறு அவளைப் போன்ற ஆட்களுக்கான நூறு.

மாசிலாமணியிடம் சொன்னாள். அவர் நோட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். ஒரு வார்த்தையாவது திட்டியிருக்கலாம். மறுநாள் காலை அவள் ரயில் பாதையைத் தாண்டித் தகரக் குடியிருப்புக்குப் போனாள். காசாம்புவின் மகள் நிவேதா வாசலில் உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் முறம். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து பலகையை நகர்த்திப் போட்டாள்.

"உக்காருங்க டீச்சர். தண்ணி கொண்டாரட்டா?"

"வேணாம்மா. ஒரு விஷயம் சொல்லணும்னு வந்தேன்." ஹெப்சிபா மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "நான் போட்ட கணக்கு தப்பு நிவேதா. ஒரு ஆளுக்குப் பதினஞ்சு கிலோன்னு சொன்னேன்ல. அம்மாவுக்கு அவ்வளவு இல்ல. ஏழு கிலோதான்."

நிவேதா கத்தரியை ஓட்டிக்கொண்டே யோசித்தாள். நாளெல்லாம் இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டு எண்ணுகிறவர்களுக்குக் கணக்குச் சட்டென்று வரும்.

"மிச்சமிருந்தது ஒம்போது நாளு. ஏழொம்போது அறுவத்து மூணு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபமே இல்லை. "அறுவத்து மூணு கிலோவா? எங்கம்மாவே அவ்ளோ எடை இல்லியே டீச்சர். அவ்ளோ உப்பு ஒரு ஆளுக்குன்னா நீங்களும் இன்னா பண்ணுவீங்க. நீங்க அழாதீங்க. யாரும் உங்கள ஒண்ணும் சொல்லல."

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். மன்னிப்பு கையில் வந்து விழுந்துவிட்டது. இந்தப் பெண் தன் வாழ்நாள் முழுக்க அறுபத்துமூன்று கிலோவைப் பெரிய கணக்கு என்றே நினைத்துக்கொண்டு, ஐஸ் தெரு டீச்சரைப் பற்றி நல்லவிதமாகவே நாலு பேரிடம் பேசுவாள். ஹெப்சிபா எழுந்தாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"கீழ நாப்பத்தெட்டு டன் மிச்சம் இருந்துது நிவேதா."

"டன்னுன்னா?"

"ஆயிரம் கிலோ. நாப்பத்தெட்டாயிரம் கிலோ கட்டியா அப்படியே இருந்துது. அம்மா வந்திருக்கலாம். எல்லாரும் வந்திருக்கலாம்."

கத்தரி நின்றது. நிவேதா கையிலிருந்த இலையை முறத்தில் வைத்தாள்.  கூரைத் தகரம் சூடேறிப் படபடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. ஹெப்சிபா ஏதாவது ஒரு வார்த்தைக்காக, ஒரு வசவுக்காகவாவது, காத்திருந்தாள்.

நிவேதா கத்தரியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"வெயில் ஏறதுக்குள்ள கெளம்புங்க டீச்சர்."